மழையில் நின்ற வெள்ளைக் கார்

போன வருஷம் ஐப்பசி மாதம் நடந்தது இது. புதுக்கோட்டையில் திருமயம் போகும் சாலையில் என் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. காரின் வயரிங், சென்சார், கம்ப்யூட்டர் சம்பந்தமான வேலை மட்டும்தான் பார்ப்பேன். பதினெட்டு வருஷ அனுபவம். மற்றவர்கள் கைவிட்ட வண்டிகள்கூட என்னிடம் வந்து சரியாகிப் போயிருக்கின்றன. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

மணமேல்குடிக்குப் பக்கத்தில் கடலோர ஊரைச் சேர்ந்த ஒரு பெண் தன் வெள்ளைக் காரைக் கொண்டுவந்தார். கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். மகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது எல்லாமே இவர்தான். ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அணைந்துவிடுகிறது, பிறகு தானாகவே சரியாகிவிடுகிறது என்றார். ஸ்கேனரை மாட்டிப் பார்த்தேன். ஈ.சி.எம். பழுது என்று காட்டியது. எஞ்சினுக்கு எப்போது, எவ்வளவு டீசல் போகவேண்டும் என்று கட்டளையிடும் சின்னப் பெட்டி அது. காரின் மூளை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

“அண்ணே, மழை பேஞ்சாத்தான் இது மக்கர் பண்ணுது. வெயில்ல நல்லாத்தான் ஓடுது” என்றார் அந்தப் பெண்.

நான் சிரித்துவிட்டேன். “அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. கம்ப்யூட்டரே சொல்லிருச்சு. பொட்டிய மாத்துனா முடிஞ்சது.”

அவர் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

புதுப் பெட்டி வந்தது. மாட்டி, லேப்டாப்பை இணைத்து, வண்டியின் சாவியை அதற்கு அடையாளம் காட்டி எல்லாம் முடித்தேன். குடுமியான்மலை வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். பட்டு மாதிரி ஓடியது. இரண்டு நாளும் நல்ல வெயில்.

மூன்றாம் நாள் மதியம் வண்டியை எடுக்க வந்தார். கூடவே ஆறு வயது மகள், மாமியார். மாமியாருக்கு முந்தின நாள்தான் கண் ஆபரேஷன் நடந்திருந்தது. ஒரு கண்ணில் கட்டு, அதற்கு மேல் கறுப்புக் கண்ணாடி. வானம் மூடிக்கொண்டு வந்தது.

“நம்பிப் போலாமாண்ணே? மாமியும் புள்ளையும் வாராங்க.”

“தாராளமாப் போங்கம்மா” என்றேன்.

அவர்கள் கிளம்பிக் கால் மணி நேரம் இருக்கும். சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். கழற்றிய பழைய பெட்டி மேஜையில் கிடந்தது. உள்ளே என்னதான் போயிருக்கிறது பார்ப்போமே என்று திருப்புளியை எடுத்து மூடியைத் திறந்தேன். ஒரு மூலை முழுக்கப் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. அதைச் சுற்றித் தண்ணீர் நின்று காய்ந்த வெள்ளைக் கோடு.

பெட்டி தானாகக் கெடவில்லை. அதற்குள் தண்ணீர் போயிருக்கிறது.

அந்த வண்டியில் முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் பள்ளத்துக்கு அடியில்தான் ஈ.சி.எம். இருக்கிறது. மழைத் தண்ணீர் வடிவதற்கு அங்கே ஒரு துளை உண்டு. மாட்டும்போது அந்தப் பள்ளத்தில் வேப்பஞ்சருகு அடைந்து கிடந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். கையில் பட்டதை மட்டும் ஒதுக்கிவிட்டு மூடியைப் போட்டிருந்தேன். அந்தத் துளை அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கி நேராகப் பெட்டியின் மேல்தான் வழியும். புதுசாக இருந்தாலும் அதே கதிதான்.

இதை நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தகரக் கூரையில் முதல் தூறல் விழுந்தது. அடுத்த நிமிடம் கொட்ட ஆரம்பித்தது.

போன் போட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டேன். நாலு தடவை. வண்டி ஓட்டும்போது அவர் போனை எடுக்கமாட்டார் போலிருக்கிறது. கடையைச் சாத்தக்கூட இல்லை. பைக்கை எடுத்து, அவர்கள் ஊருக்குப் போகும் அறந்தாங்கி ரோட்டில் விட்டேன்.

எஞ்சின் ஓட்டத்தில் அணைந்தால் என்ன ஆகும் என்பது மற்றவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அதுதான் என்னைக் கொன்றது. ஸ்டியரிங் கல் மாதிரி இறுகிவிடும். பிரேக்கை இரண்டு, மூன்று முறை மிதித்தால் அதற்குப் பிறகு மரக்கட்டைதான். அந்த ரோட்டில் ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகள் மழை, வெயில் பார்க்காது.

வல்லத்திராகோட்டை தாண்டியதும் தூரத்தில் ஒரு மரத்தடியில் கூட்டம் தெரிந்தது. ஆக்ஸிலரேட்டரை முறுக்கினேன். கிட்டே போனால், பைக்கை நிறுத்திவிட்டு மழைக்கு ஒதுங்கியவர்கள். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் எதிரே ஆம்புலன்ஸ். சைரன் போட்டபடி அறந்தாங்கிப் பக்கமிருந்து புதுக்கோட்டைக்குப் பறந்தது. கண்ணாடி வழியே ஒன்றும் தெரியவில்லை. உள்ளே யார் என்று யாரிடம் கேட்பது? திரும்பி அதன் பின்னால் போவதா, மேலே போவதா? நடு ரோட்டில் ஒரு கணம் நின்றேன். அந்தக் குழந்தை கார் ஏறும்போது எனக்கு டாட்டா காட்டியிருந்தது. நான் வாய்விட்டு அழுதுகொண்டேதான் மேலே ஓட்டினேன். மழையில் யாருக்கும் தெரிந்திருக்காது.

இன்னும் நாலைந்து கிலோமீட்டர் போனதும் ஒரு குறுகலான பாலம். அதன் நடுவில் வெள்ளைக் கார் நின்றிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு பஸ், பாதையை அடைத்து, எல்லா விளக்கையும் மினுக்கிக்கொண்டு. கண்டக்டர் மழையில் நனைந்தபடி விசில் ஊதி வண்டிகளைத் தடுத்துக்கொண்டிருந்தார்.

காரின் வலதுபக்கப் பின்பார்வைக் கண்ணாடி பிய்ந்து தொங்கியது. ஓடிப்போய்ப் பார்த்தேன். மூன்று பேரும் உள்ளே இருந்தார்கள். ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. அந்தப் பெண் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியை விடாமல் உட்கார்ந்திருந்தார்.

நடந்ததைக் கண்டக்டர்தான் சொன்னார். வண்டி பாலத்தில் திடீரென்று நின்றிருக்கிறது. பின்னால் வந்த டிப்பர் கடைசி நொடியில் ஒடித்து, கண்ணாடியை உரசிக்கொண்டு போய்விட்டது. அடுத்து வந்த பஸ் டிரைவர், இனி ஒரு வண்டி வந்தால் தாங்காது என்று தன் பஸ்ஸையே குறுக்கே போட்டுவிட்டார். பயணிகள் நாலைந்து பேர் இறங்கினார்கள். எல்லாரும் சேர்ந்து காரைத் தள்ளிப் பாலத்துக்கு அங்கிட்டு ஓரமாக நிறுத்தினோம்.

அப்போதுதான் அந்தப் பெண் என்னை அடையாளம் கண்டார். “அண்ணே, நீங்களா? எங்களுக்காக அல்லாதான் ஒங்கள இந்த வழியா அனுப்பியிருக்கான்” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் தற்செயலாக வந்ததாக நினைத்துவிட்டார். கண்டக்டரும், “நல்ல நேரத்துல வந்தீங்க, மெக்கானிக்கே கெடச்சிட்டாரு” என்று என் தோளில் தட்டினார். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும். அல்லது புதுப் பெட்டியே கோளாறு என்று சொல்லியிருக்கலாம். நல்லவனாகவே வீடு திரும்பியிருப்பேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த ஆசை எனக்கு வந்தது.

“இல்லம்மா, தற்செயலா வரலை. தப்பு என்னோடது. தண்ணி எறங்கிப் பொட்டி கெட்டிருக்கு. நீங்க மழைன்னு சொன்னத நான் காதுல வாங்கலை. இப்பத்தான் பழசப் பிரிச்சுப் பாத்தேன். பயந்துபோய் ஓடியாந்தேன்.”

அவர் என்னையே பார்த்தார். திட்டுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்வோம் என்று நின்றேன்.

“சொன்னேன்லண்ணே” என்றார், மெதுவாக. அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.

மாமியார்தான் கதவைத் தடவித் திறந்தார். “மொதல்ல புள்ளைய பஸ்ஸுல ஏத்து. மத்ததப் பொறவு பேசிக்கலாம்.” மூன்று பேரும் அதே பஸ்ஸில் ஊருக்குப் போனார்கள். பஸ் டிரைவர் இறங்கவேயில்லை. ஜன்னல் வழியே என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கியரைப் போட்டார்.

காரை இழுத்து வந்து அந்தப் பள்ளத்தை முழுசாகக் கழற்றினேன். துளையிலிருந்து இரண்டு கைப்பிடி சருகு வந்தது. நல்ல வேளை, புதுப் பெட்டிக்குச் சேதமில்லை; இணைப்பில்தான் தண்ணீர் போயிருந்தது. காயவைத்து, தண்ணீர் புகாதபடி புது ரப்பர் சீல் போட்டேன். கண்ணாடியையும் மாற்றிவிட்டேன்.

வண்டியை எடுக்க அவர் தனியாக வந்தார். சாவியை நீட்டினேன், வாங்கவில்லை. “தண்ணி ஊத்திக் காட்டுங்கண்ணே.” எஞ்சினை ஓடவிட்டு, ஹோஸைப் பிடித்து, முன்கண்ணாடியில் அரை மணி நேரம் தண்ணீர் அடித்தேன். அவர் கைகட்டி நின்று பார்த்தார். எஞ்சின் ஒரு தடவைகூடத் திணறவில்லை. அதற்குப் பிறகுதான் சாவியை வாங்கினார்.

இப்போதெல்லாம் யார் வண்டி கொண்டுவந்தாலும் ஸ்கேனரைத் தொடுவதற்கு முன்னால் அவர்கள் சொல்வதை முழுக்கக் கேட்கிறேன். சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது பின்சீட்டில் யார் உட்காரப் போகிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். அன்று அந்த ரோட்டில் பிடித்த பயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை, போகவும் வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்.