ஆஷாடம் முடிந்தது, ஆடி முடியவில்லை

2006-ம் வருடம். ஹைதராபாத் சனத்நகரில் ஒரு வீட்டின் மாடி போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். என் கணவருக்குப் பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. மகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது எங்கே நாலு பெண்கள் கூடினாலும் வாடகைப் பேச்சுதான். மாதாப்பூர் பக்கம் சாஃப்ட்வேர் கம்பெனிகள் முளைக்க முளைக்க, அங்கே ஏறிய வாடகை பஸ் பிடித்து எங்கள் தெருவுக்கும் வந்து சேர்ந்தது. கீழ்வீட்டில் இருந்த ஓனர், ஓய்வுபெற்ற தெலுங்குக்காரர், நல்ல மனிதர்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன வாடகை வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு நிம்மதி போய்விட்டது. மூவாயிரத்து ஐந்நூறை ஆறாயிரமாக்கச் சொன்னார். எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்றோம். ஒரு சாஃப்ட்வேர் ஜோடி தயாராக இருக்கிறது, ஆஷாடம் முடிந்ததும் குடிவருவார்கள், அதற்குள் காலி செய்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

ஆஷாடத்தில் அங்கே யாரும் வீடு மாற மாட்டார்கள். நம் ஆடியைத்தான் இவர்கள் அப்படிச் சொல்கிறார்கள், பேர்தான் வேறு என்று கணவருக்கு விளக்கம் சொன்னதே நான்தான். நாலு தெலுங்கு வார்த்தை தெரிந்த தைரியம்! ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரில் தெருத்தெருவாக டூலெட் போர்டு பார்த்துக்கொண்டே போவோம். பார்க்கிற ஒவ்வொரு போர்டுக்கும் சாஃப்ட்வேர்காரர்களைத் திட்டுவேன். அவர்கள் வந்ததால்தான் கத்தரிக்காய் விலைகூட ஏறிவிட்டது என்பது என் கட்சி.

கடைசியில் மல்காஜ்கிரியில் எங்களுக்கு எட்டுகிற வாடகையில் ஒரு வீடு கிடைத்தது. அந்த வீட்டம்மா ஆஷாடத்தில் அட்வான்ஸ்கூட வாங்க மாட்டேன் என்றார். முடிந்ததும் வாருங்கள், உங்களுக்குத்தான் என்றார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. ஆடி முழுவதும் இருக்கிறதே என்று நிம்மதியாக வீடு வந்தேன்.

ஆடி பிறந்து பத்து நாள் இருக்கும். கணவர் வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போன பிறகு, வாசலில் லாரி வந்து நின்றது. பட்டுப்புடவை கட்டிய ஓர் இளம்பெண், கையில் பால் பாத்திரத்தோடு மாடி ஏறி வந்தாள். அடுப்பில் கொதிக்கிற என் சாம்பாரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னும் காலி பண்ணலையா அக்கா?" என்று தெலுங்கில் கேட்டாள்.

பின்னாலேயே ஓனர் வந்தார். ஆஷாடம் போன அமாவாசையோடு முடிந்துவிட்டது, சிராவணம் பிறந்துவிட்டது என்று கத்தினார். அவர்கள் மாதம் அமாவாசைக் கணக்கு, நம் ஆடி வேறு கணக்கு என்பது அந்த நிமிடம்தான் எனக்குத் தெரிந்தது. ஓடிப்போய் மல்காஜ்கிரிக்குப் போன் போட்டேன். "முடிஞ்ச மறுநாளே வருவீங்கன்னு பார்த்தேனேம்மா. நேத்து வேற பார்ட்டி அட்வான்ஸ் கொடுத்துட்டாங்க" என்றார் அந்த அம்மா. இங்கேயும் வீடு இல்லை, அங்கேயும் வீடு இல்லை. சாயங்காலத்துக்குள் சாமானை வெளியே எடுங்கள் என்றார் ஓனர். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அந்தப் பெண் என்ன விஷயம் என்று கேட்டாள். எங்கள் ஆடி இன்னும் முடியவில்லை என்று அரைகுறைத் தெலுங்கில் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் அவள் புடவை கசங்குவதைப் பார்க்காமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மாதாப்பூரில் அவர்கள் இருந்த கட்டடம் முழுவதையும் ஒரு கம்பெனி விருந்தினர் விடுதிக்காக எடுத்துக்கொண்டு, இவர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டதாம்.

"எங்க ஏரியா வாடகை எங்களுக்கே கட்டுப்படியாகல அக்கா. நானும் யாரையோ திட்டிட்டேதான் வந்தேன்" என்றாள்.

மாடிப்படியில் நின்று அவள் கணவர் வாட்சைக் காட்டினார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. அவள் கொண்டுவந்த பால் பொங்கிவிட்டால் வீடு அவளுடையது. எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் வாசல்வரை பாலோடு வந்த பெண்ணை எப்படித் திருப்பி அனுப்புவது? சாம்பாரை இறக்கினேன். அடுப்பைத் துடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, "வைம்மா" என்றேன். அவள் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள். பால் பொங்கியபோது இரண்டு பேருமே அழுதோம்.

அடுப்பை அணைத்துவிட்டு அவள் ஓனரிடம் திரும்பினாள். ஆடி முடியும்வரை அக்கா வீட்டார் இங்கேதான் இருப்பார்கள், எங்களுக்கு ஒரு பெட்ரூம் போதும் என்றாள். தன் கணவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் தலையாட்டிவிட்டு லாரி சாமானைப் படிக்கட்டுக்கு அடியில் அடுக்கப் போனார். ஓனர் முணுமுணுத்துக்கொண்டே கீழே இறங்கிவிட்டார்.

ஆடி முடியும்வரை இரண்டு குடும்பமும் அந்தச் சின்ன போர்ஷனில் இருந்தோம். காலையில் பாத்ரூமுக்குச் சண்டை, டி.வி.க்குச் சண்டை, எல்லாம் உண்டு. ஒருநாள் நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பேசாமலேகூட இருந்தேன். கம்பெனி வண்டியில் அவள் அசந்து வந்து இறங்கும்போது தட்டில் சாப்பாடு போட்டு வைப்பேன். விடுமுறை நாளில் எங்களுக்காக அவளும் டூலெட் போர்டு பார்த்து அலைந்தாள். ஆவணி பிறந்ததும் நாங்கள் குடிபோன வீட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தது அவள்தான்.

இன்றும் எங்கள் தெருவில் யாராவது அதிக வாடகை கொடுத்துக் குடிவந்தால், இவர்களால்தான் நமக்கும் ஏறப்போகிறது என்று பக்கத்தில் உள்ளவர்கள் புலம்புவார்கள். நான் மட்டும் போய்ச் சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வருவேன். அவர்களை எந்த வீட்டிலிருந்து, யாருக்காகக் காலி செய்யச் சொன்னார்களோ!