ரெட்டுக்குப் பின் ஃபாலோ

கேரம் ஆட்டத்தில் ரெட் என்கிற சிவப்புக் காயைக் குழியில் தள்ளியதும், அடுத்த அடியில் நம்முடைய காய் ஒன்றையும் தள்ள வேண்டும். அதை ஃபாலோ என்போம். தவறினால் ரெட் மறுபடி போர்டுக்கே வந்துவிடும். ராயபுரத்தில் நடக்கப் பழகும்போதே தெரிந்துகொள்கிற விதி இது. அறுபத்தேழு வயதில், எங்கள் சர்ச் கூடத்தில் அருமையாக ரெட்டைப் போட்டேன். அடுத்து, அதைவிட அருமையாக எதிராளியின் வெள்ளைக் காயைப் போட்டேன். என் காய் கறுப்பு.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஜோடியாக எதிரில் உட்கார்ந்திருந்த என் கணவர் சவரி மட்டும் சிரிக்கவில்லை.

“இன்னா மேரி, உன் காய் இன்னான்னே மறந்துட்டியா?”

உண்மையாகவே மறந்திருந்தது. அதே வாரம் மீன் வாங்கிக்கொண்டு திரும்பும்போது எங்கள் தெருவையே தாண்டிப் போய்விட்டேன். சவரி என்னை மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

எம்.ஆர்.ஐ. (காந்தத்தின் உதவியால் மூளையைப் படமெடுக்கும் சோதனை) பார்த்த நரம்பியல் மருத்துவர் பொறுமையாகச் சொன்னார்.

“மூளைக்குள்ள போற சின்ன ரத்தக்குழாய்ங்க சுருங்கியிருக்கும்மா. ரத்தம் சரியா போகலை. பழுதானது திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்தலாம்.”

“கேரம் ஆடலாமா டாக்டர்?”

“தாராளமா. ஆனா அவசரப்படாதீங்க.”

ரத்த அழுத்த மாத்திரை, காலை நடை, கருவாட்டுக்குத் தடை. இவற்றில் என்னை அழவைத்தது கருவாடுதான். மகள் ஸ்டெல்லாவோ போர்டையே பரண்மேல் ஏற்றிவிட்டாள். நாலு பேர் முன்னால் அம்மா அசிங்கப்படக் கூடாதாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“தப்பா ஆடுனா தோத்துட்டுப் போறேன். அதுக்குன்னு ஆட்டத்தையே வுட்ருவேனா? எறக்குடி போர்டை!”

அவளே இறக்கினாள். தினமும் அவளோடு ஆடினேன். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் என் காயின் நிறத்தை வாய்விட்டுச் சொல்லப் பழகினேன். இதே நோய் வந்தவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான்: மறந்ததற்கு வெட்கப்பட்டு முடங்காதீர்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள். என்னைப் பார்த்துச் சிரித்த கூடத்துக்கே தலைநிமிர்ந்து திரும்பிப் போனேன்.

ஈஸ்டர் முடிந்து நடந்த ஆட்டத்தில் மறுபடியும் ரெட்டைப் போட்டேன். முன்பெல்லாம் யோசிப்பதற்குள் விரல் அடித்துவிடும். இப்போது என் விரல் தலைக்காகக் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பில் எனக்கு அவமானம் இல்லை, அது என்னுடைய நேரம்.

“இன்னாக்கா, தூங்கிட்டியா?” என்றான் எதிராளி அந்தோணி.

“இரு நைனா, ரத்தம் மேல ஏறிகினு கீது.”

அது வந்து சேரும்வரை உட்கார்ந்திருந்தேன். “கறுப்பு” என்று உரக்கச் சொல்லிவிட்டு அடித்தேன். காய் விழுந்த பிறகுதான் எதிரில் சவரி மூச்சே விட்டார்.