மேங்கோவுக்குச் சொந்தக்காரி

இன்று காலை ரயில் ஸ்டேஷனில் நடந்தது இது.

மாங்காய்க் கீற்று விற்கும் வத்தல்மலை அடிவாரத்து மாதம்மாளைப் புதிதாக வந்த கிளார்க் மறித்தார்.

"துரைமார் வர்ற வண்டி. மேங்கோன்னு இங்கிலீஷ்ல கூவறதா இருந்தா பிளாட்பாரத்துல நில்லு. இல்லைன்னா வெளியே போ."

"எங்க வூட்டு மரத்துக் காயிங்க. மாங்கான்னு சொன்னாத்தான் வாயூறும்" என்றாள் அவள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நம் வாசகசாலைக்காகச் சேலத்தில் வாங்கிவந்த இங்கிலீஷ் அகராதி கையில் இருந்தது. பிரித்துக் காட்டினேன். நம் மாங்காயை மலாய்க்காரர் எடுத்து, போர்ச்சுகீசியர் கப்பலேற்றி, கடைசியில்தான் இங்கிலீஷ்காரர் மேங்கோ ஆக்கினார்கள்.

கிளார்க் இரண்டு முறை படித்தார். "சரிங்க. ஆனா துரைக்கு இது தெரியாதே?"

"தெரியாட்டி இன்னிக்குத் தெரிஞ்சுக்கட்டுங்க" என்று மாதம்மாள் கூடையைத் தூக்கினாள். வண்டி நுழைந்ததும் "மாங்கா! மாங்கா!" என்று முன்னைவிட உரக்கக் கூவினாள். கிளார்க் ஒதுங்கி வழிவிட்டார்.

நம்மிடமிருந்து போய்த் துரை வேஷத்தில் திரும்பிவந்த சொல் வேறு ஏதாவது தெரிந்தால், வாசகசாலைச் சுவரில் ஒட்டிய இந்தத் தாளின் கீழேயே எழுதுங்கள். பென்சிலைக் கயிற்றில் கட்டியிருக்கிறேன். அதையும் கப்பலேற்றிவிடாதீர்கள்.