மற்றவை என்ற கட்டம்

பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களின் மூட்டுவலியைப் பற்றி என் நர்சிங் படிப்புக்காக ஆய்வு செய்துகொண்டிருந்தேன். படிவத்தில் பெயர் எழுதக் கூடாது என்பது விதி. அதனால் அங்கே சந்தித்த ஓர் அக்கா எனக்கு இன்றைக்கும் பதினேழாம் எண்தான். விரல்களில் துணி சுற்றி, காலில் பழைய ஷூவும் நெற்றியில் நீச்சல் கண்ணாடியுமாக ஈரம் சொட்ட வந்து நின்றார். எதைக் கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்பு, அப்புறம்தான் பதில்.

"முழங்கால் வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க அக்கா?"

"கரையில நின்னா எட்டு. தண்ணிக்குள்ள எறங்கிட்டா முட்டை!"

வலி எதனால் குறைகிறது என்ற கேள்விக்கு ஓய்வு, மாத்திரை, மற்றவை என்று மூன்றே கட்டங்கள் வைத்திருந்தேன். எதை நிரப்புவது என்று விழித்தேன்.

"நம்பலையா தாயி? ஒனக்கு எங்கன வலிக்குது?"

"நாள் பூரா வார்டுல நின்னு இடுப்புதான் அக்கா."

"அப்ப வா!" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். சுடிதாரோடு கழுத்தளவு தண்ணீரில் நின்றேன்.

மறுவாரம் என் வழிகாட்டி மேடம், 'மற்றவை'யில் நான் எழுதியிருந்த 'கடல்' என்ற சொல்லில் விரலை வைத்தார். "இதைச் சரிபார்த்தியா?"

"எறங்கியே பார்த்துட்டேன் மேடம்," என்றேன். "என் இடுப்புக்கும் முட்டைதான்."