ருசி பார்க்காத பொலொனீஸ்

சமையல் வேலையில ஒரு தொல்லை இருக்கு: சரியா செஞ்சா சாப்பிட மட்டும்தான் வாயத் தொறப்பாங்க, தப்பா செஞ்சா பேசவும் தொறப்பாங்க. என்னை மாதிரி அடுப்படியில வேகுறவங்களுக்கு இத வெளக்கத் தேவையில்ல.

நான் பத்து வருஷம் இலங்கை மலையில தேயிலைக் கொழுந்து எடுத்தவ. இப்ப டிக்கோயாவுல ரஃபீக் நானாவோட ஏழு ரூம் கெஸ்ட் ஹவுஸ்ல சமையல். மொதலாளி முஸ்லிம், அதான் அண்ணன்னு சொல்லாம நானா. பரிமாறுறது என் நாத்தனார் செல்வி. கொழும்புல ஹோட்டல் வேலை பார்த்தவ, இங்கிலீஷ் நல்லா வரும். சிவனொளிபாத மலை ஏற வர்ற வெள்ளக்காரங்கதான் எங்க வாடிக்கை. ரெண்டு நாள் சோறு கறி சாப்பிட்டதும், மூணாம் நாள் ஸ்பகெட்டி பொலொனீஸ் கேப்பாங்க, இறைச்சிக் கொழம்பு ஊத்தின இத்தாலி நூடுல்ஸ். அதுதான் எனக்குப் பிடிச்ச ஏழரைச் சனி.

மொதத் தட்டு

அரைச்ச மாட்டிறைச்சி, தக்காளி, வெங்காயம், அவ்வளவுதான்னு நானா போன்ல ஒரு வீடியோ காட்டினாரு. இதெல்லாம் ஒரு சமையலான்னு எறங்கிட்டேன். கறிவேப்பிலை, ரம்பை இலை, பட்டை போட்டுத் தாளிச்சு, மிளகாய்த்தூள் ரெண்டு கரண்டி. கொழம்ப ஒரு கோப்பையில ஊத்தி, ஸ்பகெட்டிய இடியாப்பம் மாதிரி தனித் தட்டுல வச்சு அனுப்பினேன்.

ஒரு ஜெர்மன்காரர் கண்ணுலயும் மூக்குலயும் தண்ணி ஊத்த ஊத்தச் சாப்பிட்டு முடிச்சாரு. எனக்குத் தலகால் புரியல. செல்விய அனுப்பி எப்படின்னு கேக்கச் சொன்னேன். அவரு சொன்னத அப்படியே தமிழ்ல வந்து சொன்னா: "ரொம்ப நல்ல கறி. பொலொனீஸ் எப்ப வரும்?"

பச்சத் தண்ணி

மசாலாவ விட்டேன். ஆனா ஸ்பகெட்டிய சோறு மாதிரி கொழைய வேகவச்சு, வடிச்சு, பச்சத் தண்ணியில அலசி, ஒட்டாம இருக்க எண்ணெயும் தடவினேன். மேல ஊத்தின கொழம்பு வழுக்கிக்கிட்டுத் தட்டோட ஓரத்துக்குப் போயிருச்சு. இப்ப கொஞ்சம் வெறைப்பா இருக்கும்போதே எடுத்து, வெந்த தண்ணி ஒரு கரண்டியோட கொழம்புச் சட்டியிலயே போட்டுப் பெரட்டுறேன், நல்லாப் புடிச்சுக்குது. இந்த ஞானம் வர்றதுக்கு முன்னாடி, திரும்பி வந்த தட்டக் காட்டி செல்வி கேட்டது: "என்ன அண்ணி, இது ரெண்டும் கோவிச்சுக்கிட்டுத் தனிக்குடித்தனம் போன மாதிரி இருக்கு?"

இறைச்சிக்குக் குளியல்

கெட்ட பழக்கம் இன்னொண்ணும் இருந்துச்சு. அவசரத்துல எல்லா இறைச்சியயும் ஒரே சட்டியில கொட்டிருவேன். அது தண்ணி விட்டு, சாம்பல் நெறத்துல கொதிக்கும். கொஞ்சங்கொஞ்சமாப் போட்டு, சும்மா சும்மா கிண்டாம, அடி செவக்குற வரைக்கும் விட்டாத்தான் வாசம் வரும். அப்புறம் பொடியா வெட்டின கரட், லீக்ஸ், செலரி வதக்கி, தக்காளியோட சேர்த்து ஒரு மணி நேரம் சின்ன நெருப்புல விடணும். கடைசியில அரைக் கோப்பை பால். சட்டிக்குள்ள எட்டிப் பார்த்து நானா அன்னைக்குச் சொன்னதாலதான் இதெல்லாம் படிச்சேன்: "இத பொரிக்கச் சொன்னேன் தங்கச்சி, நீங்க குளிப்பாட்டி வச்சிருக்கீங்க."

நோன்பு மாசம்

எங்க வீட்டுல மாட்டிறைச்சி சாப்பிடுறதில்ல. செல்வியும் அப்படித்தான். அதனால உப்புப் பார்க்கிறது எப்பவும் நானாதான். நோன்பு தொடங்கினதும் அவரும் பகல்ல வாயில ஒண்ணும் வைக்க மாட்டாரு. ஆக, சட்டி நெறைய பொலொனீஸ், ருசி பார்க்க ஒரு நாக்குக் கெடையாது. உப்பக் குத்துமதிப்பாப் போட்டேன். ஒரு நாள் போட்டோமா இல்லையான்னு சந்தேகம் வந்து, மறுபடி போட்டுட்டேன். நாலு தட்டும் தொட்டதோட திரும்பி வந்துச்சு.

நானா கத்தல. அதுதான் பயமா இருந்துச்சு. இன்னொரு தட்டு இப்படி வந்தா, நோன்புப் பெருநாள் முடிஞ்சதும் நுவரெலியாவுல இருந்து ஒரு சமையல்காரர் வர்றாருன்னு மட்டும் சொன்னாரு. அப்படின்னா நான் திரும்பவும் கொழுந்துக் கூடையத் தூக்கணும். வீட்டுக்குப் போய் அழுதேன், சொல்றதுக்கு வெக்கமில்ல.

அழுது முடிச்சப்பறம்தான் புத்தி வேலை செஞ்சுச்சு. என்னால வாயில வைக்க முடியாதது இறைச்சி மட்டும்தானே? மறுநாள் மரக்கறியயும் தக்காளியயும் தனியா ஒரு சட்டியில கொதிக்கவச்சு, உப்பு, புளிப்பு, ஒரு சிட்டிகை சீனி எல்லாம் என் நாக்குக்குச் சரியா வர்ற வரைக்கும் பார்த்துப் பார்த்துப் போட்டேன். இறைச்சிக்கு அளந்த உப்பு, வேற சட்டி. ரெண்டயும் சேர்த்ததோட ருசி பார்க்குற கரண்டியக் கீழ வச்சுட்டேன்.

மலை எறங்கி வந்த எட்டுப் பேர் சாயந்திரம் சாப்பிட ஒக்காந்தாங்க. கதவுக்குப் பின்னால நின்னு எனக்குத் தெரிஞ்ச சாமியெல்லாம் கூப்பிட்டேன். எட்டுத் தட்டும் காலியா வந்துச்சு. ஒண்ண பாண் ரொட்டித் துண்டால தொடச்சே சாப்பிட்டிருந்தாங்க. சந்தோசத்துல செல்வியக் கட்டிப்புடிச்சுட்டேன். நோன்பு தொறந்து கஞ்சி குடிச்ச நானா, மிச்சம் இருந்தா ஒரு தட்டு கொண்டுவரச் சொன்னாரு. தட்டு முழுசையும் சாப்பிட்டாரு, கையக் கழுவினாரு, போன எடுத்துக்கிட்டு வெளிய போனாரு. திரும்பி வந்து சொன்னாரு: "நுவரெலியாக்காரர வர வாணாம்னு சொல்லிட்டேன் தங்கச்சி. நாளைக்குப் பத்துத் தட்டு."

மொத்தத்துல, இதுவரைக்கும் ஒரு வாய் கூடச் சாப்பிட்டுப் பார்க்காத ஒரு சாப்பாட்டுல, டிக்கோயாவுலயே கெட்டிக்காரி நான்தான்.