தங்கைக்கு எத்தனை பிள்ளைகள்?

சென்ற வாரம் அலுவலக நண்பர் ஒருவர் ஹோட்டன் சமவெளி பற்றி விசாரித்தார். எந்த மாதம் நல்லது, மரை மான்களை எங்கே காணலாம்... நேரம், தூரம் எல்லாம் என் டயரியில் இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

இருக்கிறது. ஒரேயொரு பயணம் — சண்டைக் காலத்தில் போனது. டயரியில் எழுதாத ஒன்றும் உண்டு.

அப்போது என் தங்கை யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இரண்டு சின்னப் பெண்களோடு கொழும்பு வெள்ளவத்தையில் எங்களுடன் தங்கியிருந்தாள். அவளுடைய மூத்த மகனுக்குப் பதினெட்டு வயது. ஊரில் டியூஷனுக்கென்று சைக்கிளில் போனவன் திரும்பவில்லை. எங்கே என்று தெரியாது. கொழும்புக்கு வரும் தமிழர் பொலிசில் பதிய வேண்டிய காலம். 'தெரியாது' என்ற பதிலை எந்தப் பொலிஸ் நிலையம் ஏற்கும், இயக்கத்துக்குப் போய்விட்டான் என்றல்லவா நினைக்கும்? பதிவுப் படிவத்தில் 'பிள்ளைகள்: இரண்டு' என்று நான்தான் எழுதினேன். அதன்பின் வீட்டில் அவன் பெயரை ஒருவரும் சொல்வதில்லை. பக்கத்து ஃப்ளாட்டுக்குக் கேட்டுவிடுமே!

தங்கை சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போனாள். மலைக்காற்று நல்லது என்றார்கள். பெண்களை மனைவியிடம் விட்டுவிட்டு அவளை ஹோட்டன் சமவெளிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

காலை ஆறரை மணி. புல்வெளி முழுக்கப் பனிப்புகார். காற்றில் வளைந்துபோன குட்டை மரங்கள், கிளையெல்லாம் பாசி. முன்னால் நடந்த வழிகாட்டி — ஐம்பது வயதுச் சிங்களவர் — கையைத் தூக்கி எங்களை நிறுத்தினார். இருபது கஜம் தள்ளி ஒரு பெண்மரை. பக்கத்தில் கன்று. எங்களைப் பார்த்தது, ஓடவில்லை.

எத்தனை பிள்ளைகள் என்று வழிகாட்டி தங்கையிடம் மெதுவாகக் கேட்டார். சும்மா பேச்சுக்குத்தான்.

தங்கை தனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் மூன்று என்றாள். விரலாலும் காட்டினாள்.

நான் உடனே குறுக்கிட்டேன். இரண்டுதான், அவளுக்குச் சிங்களம் சரியாக வராது என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்... அதுதான் இன்னும் உறுத்துகிறது. அந்த மனிதர் தலையாட்டிவிட்டு நடந்தார். அவருக்கு அது ஒன்றுமே இல்லை.

"அண்ணை, இஞ்சை ஆர் பதியப் போகினம்? மரையோ?"

சத்தம் போடாதே என்றேன். அவள் சத்தமே போடவில்லை.

"பொலிசுக்கு ரெண்டு எண்டியள். நானும் ஓம் எண்டனான். உங்களுக்கும் ரெண்டுதானோ?"

'உலக முடிவு' என்ற மலை விளிம்புக்கு இன்னும் இரண்டு மைல் இருந்தது. நடந்தோம். அங்கே போனால் பனிப்புகாரைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

சண்டை முடிந்துவிட்டது. தங்கை கனடாவில். மகன் வரவேயில்லை. அவனைப் பற்றி எல்லோரிடமும் கதைக்கிறாளாம்.

என்னிடம் மட்டும் இல்லை.