ஏவல் என்று எழுதியது நான்தான்

பொன்னுசாமி அண்ணன் செத்துப்போய்விட்டார். காலையில் பரிதா அக்கா போன் செய்து சொன்னார்... நேற்று சாயங்காலம், மிளகுக் களத்திலேயே, நெஞ்சு வலி.

'இயற்கை எய்தினார்' என்று எழுத எனக்கு மனசில்லை. ஆர்.ஐ.பி. போட்டுவிட்டு அடுத்த பதிவுக்குப் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம்.

கொல்லிமலையில் ஒரு எஸ்டேட் ஆபீஸில் மூன்று வருஷம் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அண்ணன் சூப்பர்வைசர், மிளகு பறிக்கிற ஆட்களை ஜீப்பில் ஏற்றிப் பிரித்து அனுப்புவது அவர் வேலை. பரிதா அக்கா அடிவாரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து ஸ்டோர் பார்ப்பவர்.

மழை மாதங்களில் வேலையும் இருக்காது, நெட்வொர்க்கும் இருக்காது. காலேஜில் பழகிய ஒரு டேபிள்டாப் கேமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான்தான் ஆரம்பித்துவைத்தேன்... ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடுகிற விளையாட்டு.

கதை சொல்வது நான். பரிதா அக்கா வாள்காரி. அண்ணன் மந்திரவாதி, சண்டை வந்தால் மந்திரம் போட்டு எட்டுக் குட்டி வீரர்களை வரவழைப்பார்.

ஆடியவர்களுக்குத் தெரியும், இப்படி வரவழைத்த ஆட்களை மேய்ப்பது எவ்வளவு பெரிய தலைவலி என்று. எட்டுப் பேரையும் தனித்தனியாக நகர்த்தி, தனித்தனியாகப் பகடை உருட்டி முடிப்பதற்குள் டீ ஆறிப்போகும், பரிதா அக்கா கொட்டாவி விடுவார்.

அண்ணன் ஒரே வாரத்தில் வழி கண்டுபிடித்தார். எட்டுப் பலாக்கொட்டைக்கு மார்க்கரில் நம்பர் போட்டு, நாலு நாலாக இரண்டு கேங்... கேங்குக்கு ஒரு தலை, ஒரே உத்தரவு, ஒரே பகடை. தன் முறை வருவதற்கு முன்பே உத்தரவு தயாராக இருக்கும்.

“ஜீப்புல முப்பது பேர ஏத்தறனுங்க கண்ணு. ஒவ்வொருத்தருகிட்டயுமா சொல்லிக்கிட்டு நிப்பேன்?”

ஒரே ஒரு பிடிவாதம். ஒவ்வொரு கொட்டைக்கும் பேர் வைப்பார். ராசு, வெள்ளையன், காளி... சந்தையில் கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்க்கிற பேர்கள். பேரில்லாத ஆளை வேலைக்கு அனுப்ப அவருக்கு வராது.

ரூல் புக் இங்கிலீஷில் இருந்தது, அண்ணனுக்காகத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். முதலில் 'சம்மன் பண்ணின ஆட்கள்' என்று சொன்னதற்கு, கோர்ட்டிலிருந்தா வருகிறார்கள் என்று கேட்டார். ரொம்ப நேரம் சிரித்தோம்.

அப்புறம் யோசித்து 'ஏவல்' என்று வைத்தேன். நல்ல தமிழ் என்ற பெருமையோடு, எட்டுப் பேரின் கணக்கும் இருக்கிற அவர் ஆட்டப் பேப்பரின் தலையில் நானே பெரிய எழுத்தில் எழுதினேன்.

அவர் முகம் மாறிவிட்டது. “அந்த வார்த்தை வேண்டாமுங்க கண்ணு. கூட்டாளின்னு வைங்களே.”

பில்லி, சூனியம், ஏவல் என்று ஒரே மூச்சில் சொல்கிற ஜனங்களுக்கு நடுவில்தான் நானும் பிறந்தேன், தெரியாமல் இல்லை. இந்தக் காலத்தில் யார் இதையெல்லாம் நம்புகிறார்கள் என்று ஒரு லெக்சர் கொடுத்தேன்... படித்த திமிர். அவர் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

எனக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது, கிளம்பி வந்துவிட்டேன். அந்தப் பேப்பர் அவர் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது.

அவர் மகள் செல்விக்கு, மலையிலேயே இருக்கிற குண்டூர் நாட்டில் ஒரு சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியை எடுக்கும்போது பேப்பர் கீழே விழுந்துவிட்டது.

தலைப்பில் ஏவல். கீழே எட்டுப் பேர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை அடி தாங்கும் என்ற எண். எங்கள் கடைசி ஆட்டத்தில் செத்த ராசுவின் மேல் ஒரு கோடு.

மாப்பிள்ளையின் பெரியப்பா பேரும் ராசு. அவர் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

பரிதா அக்கா நேரில் போய்ச் சொல்லிப் பார்த்தார். நீயும் அந்தக் கூட்டம்தானே என்று அவரையும் பேசி அனுப்பிவிட்டார்கள்.

அண்ணன் எனக்குப் போன் செய்தார். அப்போதுகூடக் குரல் உயரவில்லை.

“ஒருக்கா வந்து, அது வெளையாட்டு, அந்த எழுத்து என்னுதுன்னு சொல்லீருங்க சாமி. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. அவங்க முன்னால நீங்க எழுதிக் காட்டுனாப் போதுமுங்க.”

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

போகவில்லை. ஆபீஸில் லீவு தரவில்லை என்று பரிதா அக்காவிடம் சொன்னேன்... அது பொய், நான் கேட்கவே இல்லை. ஒரு சபை நடுவில் நின்று, பலாக்கொட்டையை வைத்து விளையாடினோம் என்று சொல்ல எனக்குக் கூச்சம். அவ்வளவுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

அண்ணன் இன்னும் இரண்டு முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை.

சம்பந்தம் நின்றுபோனது. பறிக்கிற ஆட்களும் அவர் ஜீப்பில் ஏற மாட்டோம் என்றார்கள். எஸ்டேட்டில் அவரைக் களத்துக்கு மாற்றிவிட்டார்கள்... மிளகைக் காயப்போட்டுவிட்டுத் தனியாகக் காவல் இருக்கிற வேலை. இரண்டு வருஷம் அங்கேதான் இருந்தார்.

பக்கத்தில் ஒரே ஒரு ஆள் இருந்திருந்தால் ஆஸ்பத்திரிக்காவது கொண்டுபோயிருக்கலாம் என்று பரிதா அக்கா இன்று அழுதார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

குண்டூர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால்... அந்த எழுத்து என்னுடையது. அது விளையாட்டு. அவர் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பிக்கொள்ளுங்கள்.

இன்று காலை லீவு கேட்டேன். என்ன, ஏது என்றுகூடக் கேட்கவில்லை, உடனே கொடுத்துவிட்டார்கள்.

பஸ் அடிவாரத்தில் நிற்கிறது. மேலே ஏறினால் சிக்னல் போய்விடும்.

வாரேங்கண்ணா... இப்பத்தான் வாரேன்.